உதவி தேவை: ஏற்றத்தில் டீசல் வண்டி இழுக்கவில்லை, டர்போ போய்விட்டது என்கிறார்கள்

மலைப்பாதை:
அவசர உதவி வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது வண்டி திடீரென்று இழுப்பதை நிறுத்திவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் 3,000 ஆர்பிஎம் தாண்ட மறுக்கிறது. இன்ஜின் லைட் எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகும். அடுத்த பெரிய ஏற்றத்தில் மறுபடியும் படுத்துவிடும். பட்டறையில் காட்டினேன். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவே போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும், நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள். டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகம் மட்டும் கெட்டிருக்கலாம் என்று மச்சான் சொல்கிறார். அதை வீட்டிலேயே பார்த்து மாற்ற முடியுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்கு சக்கரம்:
என்ன வண்டி? எந்த வருடம்? எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? ஸ்கேனரில் என்ன கோட் (கோளாறு எண்) வந்தது? இதெல்லாம் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாதுங்க.

புகைக்குழாய்:
கண்டிப்பாக ஈஜிஆர்தான், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு. வால்வில் கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடும். கழற்றி, கார்பரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவி மாட்டுங்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டிக்கு முதல் வியாதி இதுதான்.

ஈரோட்டு ரைடர்:
நான் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் என்பேன். மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வருகிறதா? பின்னால் கரும்புகை தள்ளுகிறதா? ஹோஸ் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கேதான் கிழிசல்.

டீசல் வாத்தியார்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை யாருக்கும் கிடையாது. தம்பி, சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்றால் அது லிம்ப் மோடு, இன்ஜினைக் காக்க வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை. இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ டர்போவிடம் கேட்ட காற்றழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் வந்ததால் டீசலைக் குறைத்துவிட்டது. டர்போ உடைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இந்த அடிப்படை தெரியாமல் ஸ்பேனரைத் தொட வேண்டாம். பட்டறைக்காரர் கோட் படித்தாரா, சத்தத்தைக் கேட்டே சொன்னாரா?

மலைப்பாதை:
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். 2014 டீசல், 1248 சிசி. லட்சத்து பத்தாயிரம் ஓடியிருக்கிறது. மச்சானிடம் இருக்கும், வண்டியில் செருகி கோட் படிக்கும் ஓபிடி டாங்கிளில் பி0299 என்று காட்டியது. உஸ் சத்தம் இல்லை. புகை கொஞ்சம் உண்டு.

கொங்கு சக்கரம்:
பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது. அடுத்த கேள்வி முக்கியம்: 75 குதிரைத்திறனா, 90ஆ? அந்த 1248 சிசி இன்ஜின் நம் நாட்டில் பல கம்பெனி வண்டிகளில் இரண்டு வகையாகவும் வந்தது. 75இல் இருப்பது சாதா டர்போ, அதிகப் புகையை டர்போவைச் சுற்றாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவு வைத்தது. 90இல் இருப்பது விஜிடி, உள்ளே அசையும் இதழ்கள் உண்டு. இரண்டையும் சோதிக்கும் முறை கிட்டத்தட்ட நேரெதிர்.

புகைக்குழாய்:
எந்த வகையாக இருந்தாலும் ஈஜிஆரை முதலில் பாருங்கள். திறந்தே நின்றால் டர்போவைச் சுற்றவைக்க வேண்டிய புகையில் ஒரு பங்கு வேறு வழியில் போய்விடும்.

மலைப்பாதை:
ஆர்சி புக் பார்த்தேன், 90தான். டர்போ பக்கத்தில் சின்ன டப்பா போல ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி டர்போவுக்குப் போகிறது. டப்பாவின் தலையில் மெல்லிய ரப்பர் குழாய். ஒயர் எதுவும் இல்லை.

கோவை ஸ்பேனர்:
நல்லது, அது வேக்குவம் ஆக்சுவேட்டர், மச்சான் சொன்ன கட்டுப்படுத்தும் பாகம், காற்று உறிஞ்சலில் (வேக்குவத்தில்) இயங்குவது. மின் மோட்டார் வைத்த ஆக்சுவேட்டராக இருந்திருந்தால் மாற்றிய பிறகு ஸ்கேனரில் கற்பிக்க வேண்டியிருக்கும். உங்களுடையதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கேம்ஷாஃப்டில் ஓடும் வேக்குவம் பம்ப் உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சல் சோலனாய்டு என்ற மின் வால்வுக்கு வருகிறது. இசியூ சொல்கிற அளவுக்கு சோலனாய்டு அதை ஆக்சுவேட்டருக்கு விடுகிறது. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் கம்பியை இழுக்க, டர்போ இதழ்கள் நெருங்குகின்றன. இடைவெளி குறைந்தால் புகை வேகமாகப் பாய்ந்து டர்போவைச் சுற்றும். வேக்குவம் இல்லை என்றால் இதழ்கள் விரிந்தே கிடக்கும், அழுத்தம் வராது. உங்கள் கோட் அதைத்தான் சொல்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றே.

இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கம்பியை மட்டும் பாருங்கள். ஸ்டார்ட் ஆன உடனே ஒரு இழுப்பாக உள்ளே போக வேண்டும், ஐடிலிங்கில் அங்கேயே நிற்க வேண்டும். அணைத்ததும் பழைய இடத்துக்கு வர வேண்டும். அப்புறம் இன்ஜின் நின்றிருக்கும்போது, அந்தக் கம்பி டர்போவில் சேரும் லீவரை விரலால் தள்ளிப் பாருங்கள். ஸ்பிரிங் எதிர்ப்போடு வழுக்கிப் போனால் இதழ்கள் சுத்தம். நடுவில் இடறினால் கரி பிடித்திருக்கிறது. கம்பியில் இருக்கும் நட்டையும், லீவர் முட்டும் ஸ்டாப் ஸ்குருவையும் எந்தக் காரணத்துக்காகவும் திருகாதீர்கள்.

சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் டாங்கிளில் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் 97, 98 கிலோபாஸ்கல் வந்தால் சென்சார் சரி. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 77, 78 வருவது நியாயம். உங்கள் ஊரிலேயே 80 காட்டினால் கோளாறு சென்சாரில்தான், டர்போவைத் தொடவே வேண்டாம்.

ஈரோட்டு ரைடர்:
பிரேக் எப்படி இருக்கிறது? அதே வேக்குவம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும். பெடல் கெட்டியாகிவிட்டதென்றால் பம்ப்பே பலவீனம். அந்த நிலையில் மலைப்பாதையில் இறங்கவே கூடாது.

டீசல் வாத்தியார்:
இவ்வளவும் எதற்கு? டர்போவின் காற்றோட்டத்தை அளந்து சரிசெய்யும் ஃப்ளோ பெஞ்ச் கருவி இல்லாமல் ஆக்சுவேட்டரை மாற்றுவது அரைகுறை வேலை. டர்போவைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் டர்போ சர்வீஸ் கடையில் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் செய்கிற வேலையா இது?

கோவை ஸ்பேனர்:
ஐயா, கண்டுபிடிப்பது வாசலில் செய்கிற வேலைதான். குழாய் வெடித்திருந்தால் அதற்காக டர்போவைக் கழற்றச் சொல்வீர்களா?

சில்வண்டு:
இதெல்லாம் வருவதே ஓட்டி வந்த சூட்டோடு சாவியை அணைப்பதால்தான். மலை ஏறி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும், தண்டில் இருக்கும் ஆயில் கருகிக் கட்டியாகிவிடும்.

பேரிங்:
அது பழைய பெட்ரோல் டர்போ காலத்துப் பேச்சு. பெட்ரோல் வண்டியில் புகை 950 டிகிரி வரை போகும், டீசலில் அவ்வளவு போகாது. அதோடு வீட்டுக்கு வந்து சேரும் கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாகத்தானே வருகிறோம்? அதற்குள் ஆறிவிடும். வாசலில் தனியாக நிறுத்தி டீசல் எரிப்பது வீண்.

சில்வண்டு:
கோத்தகிரியில் ஏற்றம் முடிந்த இடத்திலேயே டீக்கடை. அங்கே எந்தக் கடைசி கிலோமீட்டர்? நாலாவது கியரில் முக்கி ஏறி வந்து அப்படியே அணைப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். தண்ணீர் ஓடிக் குளிரும் டர்போ என்றால் நீங்கள் சொல்வது பொருந்தும். சின்ன டீசல் டர்போக்களில் பலவற்றுக்கு ஆயில் மட்டும்தான் குளிர்ச்சி.

பேரிங்:
சரி, அந்த இடத்தில் ஒரு நிமிடம் விடுவது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். தினமும் பால் வாங்கப் போய் வருகிறவருக்கும் அதே விதி என்பதைத்தான் ஏற்க மாட்டேன். சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது இதைவிடப் பல மடங்கு முக்கியம்.

புகைக்குழாய்:
ஆயில் விஷயத்தில் பேரிங் சொல்வது சரி. விலை குறைவு என்று 20 லிட்டர் டின்னில் வாங்கி ஊற்றுகிறார்கள், எந்தக் கிரேடு என்றே பார்ப்பதில்லை.

கொங்கு சக்கரம்:
நண்பர்களே, ஆயிலுக்குத் தனி இழை திறந்து பேசுங்கள். கேட்டவர் காத்திருக்கிறார்.

மலைப்பாதை:
பார்த்துவிட்டேன். மேப் 97. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. லீவரைத் தள்ளினால் இடறாமல் போகிறது. ஸ்டார்ட் செய்ததும் கம்பி பாதி தூரம் வந்தது, அப்புறம் லேசாக நடுங்கிக்கொண்டே பின்னால் நழுவிப் போய்விட்டது. ரேஸ் கொடுத்தாலும் வரவில்லை.

கோவை ஸ்பேனர்:
அருமை, பாதி வேலை முடிந்தது. டர்போ இதழ்கள் நன்றாக இருக்கின்றன, அந்த நாற்பதாயிரம் தேவையில்லை. இப்போது உறிஞ்சல் எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது ஆக்சுவேட்டர் தலையில் இருக்கும் குழாயைப் பிடுங்கி, விரலால் அடைத்துப் பாருங்கள். விரலை நன்றாகக் கவ்வினால் பம்ப், சோலனாய்டு, குழாய் மூன்றும் சரி, கோளாறு ஆக்சுவேட்டரில். கவ்வவில்லை என்றால் சோலனாய்டின் வெளிவழியில் அதே சோதனை. அங்கே கவ்வுகிறது, இந்த முனையில் இல்லை என்றால் நடுவில் இருக்கும் குழாயில் வெடிப்பு. டர்போ சூட்டில் காய்ந்து, மடித்தால் நொறுங்கும் குழாய்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மீட்டர் கணக்கில் புதுக் குழாய் வாங்கிக்கொள்ளலாம். சூடான பாகங்கள் பக்கத்தில் இருக்கின்றன, ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும். சட்டைக் கை, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

உறுதி செய்ய, கையால் அடிக்கும் வேக்குவம் பம்ப் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஏசி மெக்கானிக்குகளின் பெரிய மோட்டார் பம்ப் வேண்டாம். பிரேக் வேலை செய்கிறவர்களிடம் கேஜ் வைத்த சின்னது இருக்கும். ஆக்சுவேட்டரில் நேராக மாட்டி கேஜில் 20 அங்குலம் (பாதரச அளவில்) வரை இழுத்து விடுங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும்.

டீசல் வாத்தியார்:
சோலனாய்டை விட்டுவிட்டீர்கள். மல்டிமீட்டரில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை ஸ்பேனர்:
விரல் சோதனையில் அது தானாகவே தெரியும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருந்தால் மின்சுற்றுக்கான வேறு கோட் ஒன்றும் சேர்ந்து வந்திருக்கும், இங்கே பி0299 மட்டும்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதற்காக ஒன்று சேர்க்கிறேன்: சோலனாய்டின் மூன்றாவது வழி வெளிக்காற்றுக்கு. அதன் ஸ்பாஞ்சு ஃபில்டர் அடைத்தால் வேக்குவம் வெளியேறாமல், அழுத்தம் மிதமிஞ்சி பி0234 வரும். பானட் திறந்திருக்கும்போது அதையும் தட்டி சுத்தம் செய்துவிடுங்கள்.

மலைப்பாதை:
குழாய் விரலை நன்றாகக் கவ்வுகிறது. கைப்பம்ப் கிடைத்தது. 20 வரை போகவே மாட்டேன் என்கிறது. வேகமாக அடித்தால் 15 வருகிறது, கையை எடுத்தால் முள் மளமளவென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது. கம்பியும் கூடவே திரும்பிவிடுகிறது.

கோவை ஸ்பேனர்:
டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் மட்டும் மாற்றினால் போதும். டர்போவில் இருக்கும் தகட்டு எண்ணைக் காட்டி வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஸ்பிரிங் வேறாக இருக்கும்.

கழற்றும் முன் ஒரு வேலை. டப்பாவைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டிலிருந்து லீவர் ஊசி வரை வெர்னியரால் அளந்து எழுதிவையுங்கள், போட்டோவும் எடுங்கள். லீவர் ஊசியில் சின்ன லாக் கிளிப் இருக்கும். அது துள்ளி இன்ஜின் சந்தில் விழுந்தால் தேடியே பொழுது போய்விடும், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். பிராக்கெட் போல்ட்டுகள் சூட்டில் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் அடித்துவிடுங்கள், முறுக்கி உடைத்துவிட வேண்டாம். புதியதை மாட்டும்போது பழைய நீளத்துக்கே கம்பியை வையுங்கள். மாட்டி முடித்ததும் கைப்பம்ப்பால் இழுத்து, லீவர் ஸ்டாப் வரை போய் முட்டுகிறதா, விட்டால் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

டீசல் வாத்தியார்:
நீளம் ஒரு பக்கம் தவறினால் பி0299 தொடரும், மறுபக்கம் தவறினால் அழுத்தம் எகிறி இன்ஜினுக்கே ஆபத்து. மாட்டியதும் மலைக்குப் பறக்க வேண்டாம். சமதளத்தில் இசியூ கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஒன்றாக வைத்து டாங்கிளில் பதிவு செய்து பார்க்க வேண்டும். இரண்டு கோடும் ஒட்டி வந்தால் என் பெஞ்ச் தேவையில்லை, நானே சொல்கிறேன்.

கோவை ஸ்பேனர்:
இதில் ஐயா சொல்வதை அப்படியே கேளுங்கள்.

மலைப்பாதை:
மாட்டியாயிற்று. கம்பி ஒரே இழுப்பில் உள்ளே போய் நிற்கிறது. காரமடை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு கோடும் ஒட்டியே வருகின்றன. நேற்று கோத்தகிரி ஏறியது, லைட் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

புகைக்குழாய்:
மகிழ்ச்சி. ஈஜிஆரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

ஈரோட்டு ரைடர்:
ஆக்சுவேட்டர் என்ன விலை ஆனது, புதியதா பழையதா? எழுதினால் அடுத்து தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

கொங்கு சக்கரம்:
அளந்து வைத்த கம்பி நீளத்தையும், தகட்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். இதே 90 வண்டி என் தம்பியிடமும் இருக்கிறது, அதுவும் இப்போது ஏற்றத்தில் திணற ஆரம்பித்திருக்கிறது.