பெரியம்மாவின் கப்பல் திருகோணமலைக்கு வருகிறது

குழு: வட்டக்கச்சி வீடு

ஜனவரி 24, சனி

பெரியம்மா (ரொறன்ரோ): எல்லாருக்கும் ஒரு செய்தி. பிள்ளைகள் என் அறுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்துத் தந்த கப்பல் பயணத்தின் அட்டவணை வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஏறுகிறோம். பினாங்கு, புக்கெட், அப்புறம் திருகோணமலை! மார்ச் 5, வியாழன். காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்கு வெளிக்கிடும். பிறகு கொழும்பு, கொச்சி, துபாய். திருகோணமலை என்ற பெயரைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமா?

அம்மா: அக்கா! அம்மாவிடம் இப்போதே சொன்னேன். "எந்த மார்ச்? வருகிற மார்ச்சா?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார்.

மாமா (வவுனியா): சந்தோஷம் அக்கா. ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்ல வேண்டும். திருகோணமலையில் இருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். வவுனியாவில் இருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சி இன்னும் ஏறத்தாழ 80. அதற்குப் பிறகுதான் வட்டக்கச்சி. வானுக்கு 70க்கு மேல் ஓட முடியாது, பொலிஸ் நிற்கும். ஊர்மனைக்குள் 50. எங்கும் நிற்காமல் போனாலே மூன்றரை மணித்தியாலம்.

பெரியம்மா: போக மூன்றரை, வர மூன்றரை. ஏழு. எனக்கு ஒன்பது இருக்கிறதே தம்பி.

அண்ணா (கொழும்பு): பெரியம்மா, நான் கப்பலில் நான்கு வருடம் வேலை செய்தவன், அதனால் சொல்கிறேன். அந்த ஒன்பது உங்கள் கையில் இருக்கும் ஒன்பது இல்லை. 8 மணிக்குக் கப்பல் வரும். அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஆட்களை விடுவார்கள். ஜெட்டியில் கட்டினால் நடந்து இறங்கலாம். நடுவில் நங்கூரம் போட்டால் சின்னப் படகில் பகுதி பகுதியாக ஏற்றி இறக்குவார்கள். அதற்கு இலக்கம் தருவார்கள். கப்பல்காரரின் சுற்றுலாவுக்குக் காசு கட்டியவர்கள் முதலில் போவார்கள், தனியாகப் போகிறவர்கள் பிறகு. நீங்கள் துறைமுக வாசலுக்கு வர ஒன்பதரை ஆகலாம். 5 மணிக்கு வெளிக்கிடும் கப்பலில் நாலரைக்கு எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு, அதாவது மூன்றரைக்கு, நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். மிஞ்சுவது ஆறு மணித்தியாலம்.

அம்மா: அப்போ வீடு வரை வந்தால் திரும்பிப் போகவே நேரம் இல்லை.

மாமா: வந்து வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் கப்பல் போய்விடும்.

பெரியம்மா: ஒரு வானில் டயர் காற்றுப் போனது, அரை மணித்தியாலம் பிந்திவிட்டது என்று சொன்னால் நிற்க மாட்டார்களா?

அண்ணா: நிற்க மாட்டார்கள். அவர்களே ஒழுங்குபடுத்திய பஸ் பிந்தினால் காத்திருப்பார்கள். நாங்கள் பிடித்த வான் பிந்தினால் இல்லை. வேலை செய்த காலத்தில் நானே மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வயதான இரண்டு பேர் பைகளோடு ஜெட்டியில் ஓடி வந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையில் பத்து மீட்டர் தண்ணீர்தான். அந்தப் பத்து மீட்டர் போதும்.

ஜனவரி 25, ஞாயிறு

பெரியம்மா: இரவு முழுக்க இதையே யோசித்தேன். தவறவிட்டால்தான் என்ன? அடுத்த துறைமுகம் கொழும்புதானே, 7ஆம் தேதி. வீட்டில் இரண்டு இரவு படுத்துவிட்டு, வானில் கொழும்புக்குப் போய் ஏறுகிறேன். ஒரே நாடு.

மாமா: இது நல்ல யோசனை. கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 330 கிலோமீட்டர் வரும். முதல் நாளே போய் வெள்ளவத்தையில் தங்கினால் பதற்றம் இல்லை.

அண்ணா: யோசனை நல்லது. ஆனால் தவறவிட்டு ஏறுவது வேறு, கேட்டு ஏறுவது வேறு. கேட்காமல் செய்தால் கப்பலில் உங்களைக் காணவில்லை என்று தேடுவார்கள், துறைமுகத்துக்கு அறிவிப்பார்கள், கொழும்பில் ஏற விடுவார்களா என்பதே சந்தேகம். உங்கள் பிரஷர் மாத்திரை, உடுப்பு எல்லாம் அறையில். அந்த வழி வேண்டாம். ஆனால் சில கம்பனிகள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஒரு துறைமுகத்தில் இறங்கி அடுத்ததில் ஏற விடுவதுண்டு. குடிவரவு அலுவலகமும் சம்மதிக்க வேண்டும். இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கோ. இலங்கையில் இறங்கும் அனுமதியை அவர்கள் எடுப்பார்களா, நீங்களே எடுக்க வேண்டுமா என்றும் அதிலேயே கேளுங்கோ. கொச்சிக்கு இந்திய விசா எடுத்துவிட்டீர்கள்தானே?

பெரியம்மா: அது எடுத்தாயிற்று. எழுதுகிறேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

பெரியம்மா: பதில் வந்தது. இந்தப் பயணத்தில் இடையில் இறங்கி ஏற அனுமதி இல்லையாம். இரண்டாவது தரமும் எழுதினேன். அதே பதில். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அப்பாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தது. அதற்குப் பிறகு 13 வருடம் ஆகிவிட்டது.

(இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு)

நான்: பெரியம்மா, அம்மம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "அவளுக்கு மணித்தியாலக் கணக்கு. எனக்கு என்ன கணக்கு? நான் வெளிக்கிட்டுப் போறன். வான் பிடியுங்கோ."

அம்மா: அம்மா, உங்களுக்கு 84 வயது. முழங்கால் இரண்டும் வீங்கி இருக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலே இரண்டு நாள் படுக்கை.

நான்: "நடந்தா போகப் போறன்?" என்று கேட்கிறார்.

மாமா: அம்மா சொல்வதுதான் சரி. நாங்கள் இவ்வளவு நாளும் தலைகீழாகக் கணக்குப் போட்டிருக்கிறோம். நேரம் இல்லாதவளை 180 கிலோமீட்டர் இழுக்கப் பார்த்தோம். நேரம் இருக்கிறவர்கள் நாங்கள். அக்கா துறைமுக வாசலைத் தாண்டி வந்தால் போதும், மிச்ச தூரம் முழுக்க எங்கள் பக்கம்.

அம்மா: அப்படியென்றால் ஒரே நாளில் கூட்டிப் போகக் கூடாது அண்ணா.

மாமா: ஒரே நாளில் இல்லை. 4ஆம் தேதி பின்னேரம் வட்டக்கச்சியில் இருந்து என் வீட்டுக்கு. 80 கிலோமீட்டர், ஆறுதலாக வரலாம். இரவு வவுனியாவில் படுக்கை. 5ஆம் தேதி விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்கு முன்பே திருகோணமலை. இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. கடல் சரியில்லை என்று கப்டன் திருகோணமலையை விட்டுவிட்டு நேரே கொழும்புக்குப் போனால், அம்மா பாதி வழியிலேயே நிற்பார். வீணாக 100 கிலோமீட்டர் குலுங்க வேண்டியதில்லை.

பெரியம்மா: அப்படியும் விடுவார்களா?

அண்ணா: விடலாம். காற்று, அலை, வேறு காரணம், எதுவாகவும் இருக்கலாம். துறைமுகம் மாறினால் யாரும் பொறுப்பில்லை என்று பயணச்சீட்டிலேயே எழுதியிருக்கும். கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலி இருக்கிறது. முதல் நாளில் இருந்து நான் பார்த்துச் சொல்கிறேன்.

பெப்ரவரி 14, சனி

மாமா: வான் பேசியாயிற்று. டொயோட்டா கே.டி.எச், சாம்பல் நிறம், குளிரூட்டி வேலை செய்கிறது, முன் சீட் நன்றாகச் சாயும். கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், இரண்டு நாளுக்கு மொத்தமாகச் சொல் என்று கேட்டேன். ஏனென்றால் அங்கே ஆறு மணித்தியாலம் வான் சும்மா நிற்கப் போகிறது. கிலோமீட்டருக்குப் பேசினால் காத்திருக்கும் காசு என்று கடைசியில் வேறு ஒன்று சேரும். டீசல் அவர் பக்கம். ட்றைவர் அன்று இரவு என் வீட்டில் படுப்பார். விடிய எழும்பி ஓடுகிறவன் முதல் இரவு வேறு ஹயருக்குப் போயிருக்கக் கூடாது. இதை மட்டும் நான் எந்தப் பயணத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அண்ணா: வானின் படத்தையும் இலக்கத் தகட்டையும் குழுவில் போடுங்கோ மாமா. பெரியம்மா அதைத் தொலைபேசியில் சேமித்து, ஒரு தாளிலும் எழுதி வைக்கட்டும். துறைமுகத்துக்குள் வெளி வாகனம் விட மாட்டார்கள். வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கப்பல் வந்த நாளில் அங்கே ஓட்டோக்காரரும் வான்காரரும் கூட்டமாக நிற்பார்கள். யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

அம்மா: உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு அறை பார்த்திருக்கிறேன். கீழ்த்தளம், படி இல்லை, மேற்கத்தைய கழிப்பறை. பகலுக்கு மட்டும் தருகிறார்கள். அம்மா சரிந்து படுக்க ஒரு இடம் கட்டாயம் வேண்டும்.

பெரியம்மா: கோணேஸ்வரத்துக்கும் போகலாமா? அம்மாவோடு ஒரு தரம் அந்தச் சாமிமலையில் நின்று கடலைப் பார்க்க வேண்டும்.

அம்மா: கோட்டைக்குள்ளால் மேலே வரை வாகனம் போகும், ஆனாலும் நடை இருக்கிறது. அன்றைக்கு அம்மாவின் காலைப் பார்த்து முடிவெடுப்போம். நான் புட்டும் மீன் குழம்பும் கட்டி வருகிறேன். பனங்கிழங்கும் அவித்து வருகிறேன்.

அண்ணா: எல்லாவற்றையும் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கோ. சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். ஏறும் இடத்தில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

பெரியம்மா: நேற்று புக்கெட்டில் இருந்து வெளிக்கிட்டோம். கடல் அமைதி. கப்பல் இணையத்துக்குக் காசு கட்டியிருக்கிறேன், விட்டு விட்டுத்தான் வருகிறது.

அண்ணா: பெரியம்மா, முக்கியமான ஒன்று, முன்பே கேட்டிருக்க வேண்டும். அட்டவணையில் இருக்கும் நாலரை எந்த மணிக்கூட்டின் நாலரை? தாய்லாந்து நேரம் எங்கள் நேரத்தைவிட ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு. கப்பல் மணிக்கூட்டை மாற்றாமல் வந்தால், அவர்களின் நாலரை எங்களுக்கு மூன்று மணி. நாங்கள் மூன்றரைக்கு வாசலுக்கு வந்தால் கப்பல் போய்விட்டிருக்கும்.

மாமா: ஐயோ! இதை நான் யோசிக்கவே இல்லை.

பெரியம்மா: இப்போதே போய்க் கேட்கிறேன்.

பெரியம்மா: கேட்டேன். நாளை இரவு மணிக்கூட்டை ஒன்றரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்களாம். திருகோணமலையில் கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதான்.

அண்ணா: நல்லது. ஆனாலும் தொலைபேசியை நம்பாதீர்கள். அது எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். கைமணிக்கூடு கட்டுங்கோ. இறங்கும்போது கப்பலின் மணிக்கூட்டைப் பார்த்துச் சரிசெய்யுங்கோ. வானில் எல்லாரும் பெரியம்மாவின் கைமணிக்கூட்டைத்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

மாமா, 4.10: வவுனியாவில் இருந்து வெளிக்கிட்டோம். அம்மா முன் சீட்டில்.

அண்ணா, 6.35: செயலியில் கப்பல் திருகோணமலைக்குக் கிட்ட வந்துவிட்டது. வேகம் குறைகிறது.

மாமா, 7.05: வாசலுக்கு வந்துவிட்டோம். எதிர்ப்பக்க மரநிழலில் நிற்கிறோம்.

பெரியம்மா, 8.40: நங்கூரம்தான். படகுக்கு இலக்கம் தந்திருக்கிறார்கள். என்னுடையது 11. இப்போது 4 போகிறது.

அம்மா, 8.42: அவசரப்படாதே அக்கா. அம்மா தேநீர் குடித்துக்கொண்டு இருக்கிறார்.

பெரியம்மா, 9.15: 9 கூப்பிடுகிறார்கள்.

பெரியம்மா, 9.31: படகில்.

நான், 9.58: வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

அண்ணா, 11.20: யாராவது ஒரு படம் போடுங்கோ.

அண்ணா, 12.45: மாமா?

மாமா, 13.05: எல்லாரும் நலம் மருமகன். சாப்பிட்டாயிற்று. அம்மா படுத்தார். பக்கத்தில் அக்காவும் சரிந்தாள். இரண்டு பேரும் நித்திரை. ஒரு மணித்தியாலமாக நித்திரை. இவ்வளவு தூரம் வந்து நேரம் போகிறதே, எழுப்பட்டுமா என்று கேட்டேன். தங்கச்சி விடவில்லை. கோணேஸ்வரம் இன்றைக்கு இல்லை.

நான், 13.40: எழுப்பிவிட்டோம். அம்மம்மா பெரியம்மாவின் கையை நித்திரையிலும் விடவில்லை. மெதுவாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இப்போது பனங்கிழங்கு உரித்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார். ஒன்றைக்கூடப் பெரியம்மாவை உரிக்க விடவில்லை.

மாமா, 15.20: வாசலில் இறக்கிவிட்டோம். பத்து நிமிடம் முந்தி.

பெரியம்மா, 15.55: ஏறிவிட்டேன். பையைத் திறந்து பார்த்தார்கள். பனங்கிழங்கு இல்லை என்று சொன்னேன். ஒரு நார் மட்டும் உடுப்பில் ஒட்டி இருந்தது.

அம்மா, 17.10: கடற்கரை வீதியில் நிற்கிறோம் அக்கா. கப்பலைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். உள்ளே நிற்கும்போது தெரியவில்லை, இப்போது வெளியே வந்ததும் தெரிகிறது.

பெரியம்மா, 17.14: நான் மேல்தளத்தில், கரைப் பக்கம். சிவப்புச் சால்வையை ஆட்டுகிறேன் என்று சொல்லுங்கோ.

நான், 17.16: சொன்னேன். "தெரியுது தெரியுது" என்கிறார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாமா, 19.25: ஹொரவப்பொத்தானை தாண்டியாயிற்று. இருட்டினால் யானை குறுக்கே வரும் வீதி, மெதுவாகத்தான் ஓடுகிறோம். அம்மா நித்திரை. இன்றைக்கும் என் வீட்டில்தான், நாளைக் காலை வட்டக்கச்சி.

அண்ணா, 19.40: பெரியம்மா, 7ஆம் தேதி கொழும்புத் துறைமுக வாசலில் நான் நிற்பேன். எத்தனை மணி, எந்த மணிக்கூடு என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.