என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) கேம்ப் போன ஊரையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா எடுக்கலாமா?

போர்தண்ணி:
தர்மபுரி பக்கம் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கறேன். ஏழு நாள் கேம்ப் போன ஊர்ல ஸ்கூல் பசங்க நிறைய பேருக்கு பல்லுல காவி, போர் தண்ணியாலதான்னு ஊர்ல எல்லாருமே சொல்றாங்க. நாங்க முள்ளு வெட்டினோம், மரக்கன்னு நட்டோம், பஸ் ஏறி வந்துட்டோம். மனசு கேக்கல. பல்லுல காவி வர வைக்கற ஃப்ளூரைடு அந்த ஊர் தண்ணில எவ்வளவு இருக்குன்னு பாக்கறதையே ப்ராஜெக்ட்டா வைக்கலாமா? வீட்ல என்எஸ்எஸ்ஸால மார்க் போயிடும்னு பயப்படறாங்க.

பழைய பிஓ:
தாராளமா எடுங்க தம்பி. 1969ல காந்தி நூற்றாண்டு வருஷம் 37 யுனிவர்சிட்டில என்எஸ்எஸ் ஆரம்பிச்சதே சேவை வழியா படிக்கணும்னுதான், மரம் நட்டு போட்டோ எடுக்க இல்ல. உங்க பிஓகிட்ட (என்எஸ்எஸ் ப்ரோக்ராம் ஆபீசர்) பேசி அந்த ஊரையே தத்து கிராமமா வச்சுக்க சொல்லுங்க, வருஷத்துக்கு 120 மணி நேரம் எப்படியும் செய்யணும் இல்லயா, அதுலயே மழைக்கு முன்னாடி ஒரு தடவை மழை முடிஞ்சு ஒரு தடவைன்னு சாம்பிள் எடுத்துடலாம், தனியா அலைய வேணாம். மார்க் பயமும் பாதி போயிடும்.

லேப்_அக்கா:
சாம்பிள பிளாஸ்டிக் பாட்டில்ல எடுங்க, கண்ணாடி வேணாம், ஃப்ளூரைடு கண்ணாடியோட சேரும். ஃப்ளூரைடு அளக்கற எலக்ட்ரோட் இருந்தா நல்லது, இல்லன்னா ஸ்பாட்ன்ஸ் (SPADNS) சாயம் போட்டு, நிறத்தை அளக்கற ஸ்பெக்ட்ரோல பாக்கலாம். ஐஎஸ் 10500ங்கற இந்திய குடிநீர் தரப்படி ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் (குழாய்ல வர்ற காவிரி தண்ணி) வர்ற ஊரா இருந்தா யார் வீட்ல எதை குடிக்கறாங்க, எதுல சோறாக்கறாங்கன்னு கேட்டு எழுதுங்க, அது இல்லாம போர் ரீடிங் மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. காய்ச்சி குடிச்சா சரியாயிடும்னு யாராவது சொன்னா அங்கயே நிறுத்தி விளக்கிடுங்க, தண்ணி வத்த வத்த ஃப்ளூரைடு கூடத்தான் செய்யும்.

வயல்வெளி:
நான் அக்ரி. எங்களுக்கு ஃபைனல் இயர்ல கிராமத்துல தங்கறதே சிலபஸ், கிரெடிட்டும் உண்டு. போனதும் நடுத்தெருவுல கோலமாவுல ஊர் மேப் போடுவோம், பெரியவங்க குனிஞ்சு இந்த போர் சித்திரைல வத்தும், அது உப்புன்னு அவங்களே காட்டுவாங்க. நீங்களும் அப்படி கேட்டுட்டு அப்புறம் பாட்டில் எடுத்துட்டு போங்க. அப்பா அம்மாகிட்ட கேக்காம பசங்க பல்லை போட்டோ எடுக்காதீங்க, ரிப்போர்ட்ல பேரும் வேண்டாம்.

போர்தண்ணி:
ரொம்ப நன்றி. எங்க லேப்ல ஸ்பெக்ட்ரோ இருக்கு, ஹெச்ஓடிகிட்ட கேக்கறேன். ரிசல்ட்ட ஊருக்கு எப்படி சொல்றது? பைண்ட் பண்ணி லைப்ரரில வச்சா அவங்களுக்கு என்ன பிரயோஜனம்?

பழைய பிஓ:
கிராம சபைல சொல்லுங்க தம்பி. அக்டோபர் 2, ஜனவரி 26 ரெண்டுல எது தோதோ அதுக்கு முன்னாடியே ஊராட்சி செயலர்கிட்ட பேசிடுங்க. எந்த போர் குடிக்கலாம், எது துணி துவைக்க மட்டும்னு தமிழ்ல ஒரே பக்கம். ஆனா சந்தேகமான சாம்பிள குடிநீர் வாரிய லேப்ல இன்னொரு தடவை பாத்துட்டு சொல்லுங்க, தப்பான நம்பர் சொல்லி ஊர பயமுறுத்தக் கூடாது.