வயர்கார்டு: விண்டோஸில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டிலும் உபுண்டுவிலும் தகராறு

கேள்வி
நண்பர்களே, வாடகை சர்வரில் (உபுண்டு 22.04) வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) நிறுவியிருக்கிறேன், போர்ட் 51820. விண்டோஸ் 11 லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. அதே கான்ஃபிக் கோப்பை ஆண்ட்ராய்டு போனிலும் உபுண்டு டெஸ்க்டாப்பிலும் போட்டேன். போனில் ஆன் செய்தால் லேப்டாப்பில் நெட் நிற்கிறது. லேப்டாப்பில் ஏதாவது திறந்தால் போனில் நிற்கிறது. உபுண்டுவில் "ரிசால்வ்கான்ஃப்" கட்டளை இல்லை என்று பிழை வந்து டனலே (சர்வருக்கான மறைகுறியாக்கிய பாதை) எழவில்லை. ஃபயர்வால் கோளாறா?

பதில் 1
ஃபயர்வால் தடுத்திருந்தால் லேப்டாப்பும் ஓடியிருக்காது. "அதே கோப்பை" என்றீர்களே, கோளாறு அங்கேதான். வயர்கார்டில் பயனர் பெயர், கடவுச்சொல் கிடையாது, சாவிதான் ஆள். ஒரே சாவி இரண்டு கருவியில் இருந்தால், ஒரே ஆள் இடம் மாறிக்கொண்டிருக்கிறார் என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும். கடைசியாக எங்கிருந்து பாக்கெட் (தரவுத் துண்டு) வந்ததோ அங்கேயே பதிலை அனுப்பும்.

கருவிக்கு ஒரு சாவி ஜோடி (ரகசியச்சாவி, பொதுச்சாவி), ஒரு முகவரி: 10.8.0.2, 10.8.0.3, 10.8.0.4. சாவியை அந்தந்தக் கருவியிலேயே உருவாக்குங்கள். பொதுச்சாவி மட்டும் சர்வருக்குப் போனால் போதும். சர்வரில் ஒவ்வொரு பியருக்கும் (இணையும் கருவிக்கும்) அலவ்ட் ஐபிஸ் (அதற்குரிய முகவரிகள்) கண்டிப்பாக /32, அதாவது ஒரே ஒரு முகவரி. மூன்றுக்கும் 10.8.0.0/24 (அந்த முழு முகவரி வரிசை) என்று எழுதினால் கடைசிப் பியர் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஊமையாகிவிடும்.

இன்னொன்று: சர்வர் கோப்பில் "சேவ்கான்ஃபிக்" ட்ரூ என்று இருந்தால், முதலில் டனலை இறக்கிவிட்டுத் திருத்துங்கள். ஓடும்போது திருத்தியதை, இறக்கும் நேரத்தில் அது பழையபடி எழுதிவிடும்.

பதில் 2
உபுண்டு பிழைக்குக் காரணம் கோப்பில் உள்ள டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) வரி. அந்த வரியில் தடுக்கினால் டபிள்யூஜி-குவிக் (டனலை எழுப்பும் கட்டளை), தான் உருவாக்கிய இடைமுகத்தையும் அழித்துவிடும். உபுண்டுவில் டிஎன்எஸ் அமைக்கும் ரிசால்வ்சிடிஎல் நிரலுக்கு "ரிசால்வ்கான்ஃப்" என்ற பெயரில் யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள். டிஎன்எஸ் வரியையே நீக்கினாலும் டனல் எழும். ஆனால் பெயர்த் தேடல் பழைய வழியிலேயே வெளியே கசியலாம். அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டவர்
மூன்றும் ஓடுகின்றன, மிக்க நன்றி. இப்போது வேறு இரண்டு. டெஸ்க்டாப்பை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் பிங் போகிறது, சில தளங்கள் பாதியில் நிற்கின்றன. அதே சிம்மில் போனில் அவை திறக்கின்றன. விண்டோஸில் வீட்டு பிரிண்டரும் தெரியவில்லை.

பதில் 1
முதலாவது எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்). டபிள்யூஜி-குவிக் 1500-இல் 80 கழித்து 1420 வைக்கும் (ஐபிவி6 தலைப்பு 40, யுடிபி 8, வயர்கார்டு 32). மொபைல் பாதை அதைவிடக் குறுகலாக இருந்தால் பெரிய பாக்கெட் மட்டும் தொலையும். பிங் சிறியது, அதனால் தப்பிக்கிறது. எம்டியு குறிப்பிடாவிட்டால் ஆண்ட்ராய்டு செயலி 1280 எடுத்துக்கொள்வதால்தான் போனில் இது தெரியவில்லை. டெஸ்க்டாப் கோப்பில் இன்டர்ஃபேஸ் பகுதியில் எம்டியு 1280 என்று எழுதுங்கள். டிசிபிக்கு (தரவு பரிமாற்ற நெறிமுறை) இந்தப் பக்கம் மாற்றினால் போதும். எதிர்முனையும் சிறு துண்டுகளாகவே அனுப்பும்.

பிரிண்டர்: லேப்டாப் கோப்பில் அலவ்ட் ஐபிஸ் 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும் டனல் வழியே) என்றால் விண்டோஸ் செயலி டனலுக்கு வெளியே போகும் எல்லாவற்றையும் தடுக்கும். டனலைத் திருத்தும் சாளரத்தின் அடியில் உள்ள கில்-ஸ்விட்ச் டிக்கை எடுங்கள். முகவரி தானாக 0.0.0.0/1, 128.0.0.0/1 என இரண்டாகப் பிரியும். பொது வைஃபையில் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கேட்டவர்
1280 வைத்ததும் நின்ற தளங்கள் திறந்துவிட்டன. பிரிண்டரும் வந்துவிட்டது.