தீராத வலி, ஒத்துவரும் டாக்டர்: நீலகிரிக்காரர்களின் அனுபவம்

குன்னூர்க்காரி:
எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெல்லாம் தீராமல் வலிக்கும் நோய். ரத்தம், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் புரட்டிய டாக்டர், என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். இதைக் கேட்கவா பர்லியாறு மலைப்பாதை வளைவுகளில் அவ்வளவு குலுங்கி இறங்கினோம்!

இப்போது பார்க்கும் டாக்டரம்மா ஸ்பெஷலிஸ்ட் இல்லை, குன்னூரிலேயே இருக்கும் பொது மருத்துவர். முதல் நாள் ஃபைலைத் தொடவே இல்லை. தூங்கி எழுந்தால் தூங்கின மாதிரி இருக்கிறதா, காலையில் உடம்பு எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கும், பனிக்காலத்தில் கூடுகிறதா என்றுதான் கேட்டார். இந்த நோய் டெஸ்ட்டில் தெரியாது, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் டெஸ்ட் என்றார். "வலி பூராவும் போயிடும்னு சொல்ல மாட்டேன். முதல்ல தூக்கத்தைச் சரி பண்ணுவோம், அப்புறம் நடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவோம்." ராத்திரிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் இதை மன அழுத்த மாத்திரை என்பார்கள், வலிக்கும் கொடுப்பதுதான், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். கடைக்காரர் அதையேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

கோத்தகிரி மகன்:
அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் வலி. எங்கள் பக்கம் ஊசி போடுகிறவர்தான் நல்ல டாக்டர். டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டால் அன்றைய கூலி போகாது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு பிபி உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர்தான், அந்த ஊசி பிபியை ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும் என்று சொல்லி கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னார். "கையால எடுக்கிறீங்களா, கத்திரியாலயா? பையை எங்கம்மா மாட்டுவீங்க?" என்று கேட்டார். கத்திரி வந்த பிறகுதான் தோள் வலி கூடியது என்று அம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். எங்கள் கவலையெல்லாம் அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிடக் கூடாது என்பதுதான்.

கூடலூர்க்காரர்:
வேறு டாக்டரிடமும் ஒருமுறை காட்டலாமா என்று கேட்டதற்கு என் பழைய டாக்டர் கோபப்பட்டார். இப்போதைய டாக்டர் அவரே கடிதம் எழுதிக் கொடுத்தார். சரி, ஊட்டியில் படி ஏறாமல் போகிற மாதிரி பிசியோதெரபி கிளினிக் யாருக்காவது தெரியுமா? முட்டி வலிக்காரனை மாடிக்கு வரச் சொல்கிறார்கள்!