மூச்சுக்குத் திரும்பினால் அது தேர்வா?

நீரோட்டம்:
"தேர்வற்ற விழிப்புணர்வில் அமர்ந்தவர் ஒருமுறை மூச்சுக்குத் திரும்பினாலும் அன்றைய தியானம் வீண்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பதினோரு ஆண்டுகளாக அமர்கிறேன். தேர்வற்ற விழிப்புணர்வு என்றால் எனக்கு இதுதான்: ஒலி, வலி, நினைவு எது வந்தாலும் பிடித்துவைப்பதில்லை, விரட்டுவதும் இல்லை. நினைவின் பின்னால் நானும் போய்விட்டேன் என்று தெரிந்தால் நாலைந்து மூச்சைக் கவனித்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றுக்கும் இடம் விடுகிறேன். இது எப்படி வீணாகும்?

கல்தூண்:
எழுதியவன் நான்தான். "ஒருவர்" என்று மூடி மறைக்க வேண்டாம். போய்விட்டேன் என்று தெரிந்த கணத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. பிறகு மூச்சை ஏன் தேடிப் போகிறீர்கள்? எத்தனையோ இருக்க மூச்சை மட்டும் எடுத்தீர்களே, அதற்குப் பெயர் தேர்வு.

மாலைவெயில்:
அமெரிக்கத் தியான ஆசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி மூச்சிலும் உடலிலும்தான் ஆரம்பிக்கிறது. தேர்வற்ற விழிப்புணர்வு அதற்குப் பிறகே வருகிறது. அலைந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எனக்குக் கற்றுத்தந்தவரும் சொன்னார்.

கல்தூண்:
நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக வகுத்த பயிற்சி அது. "தேர்வற்ற விழிப்புணர்வு" என்ற சொல்லை ஊரறியச் செய்த தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியோ, தம்மைத் தலைவராக வைத்து அமைத்த சங்கத்தையே 1929-இல் கலைத்தவர். எந்த முறையையும் ஏற்காதவர். அவருடைய சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு ஊன்றுகோல் கொடுக்கிறீர்கள். மூச்சுக்குத் திரும்புவது தேர்வுதான்.

நீரோட்டம்:
முறையே கூடாது என்றவரைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு, திரும்பக் கூடாது என்று நீங்கள் ஒரு முறை வகுக்கிறீர்கள். இது உங்களுக்கே உறுத்தவில்லையா?

புதுத்துளிர்:
நான் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பத்து நிமிடம் கழிந்ததும் இடது முழங்காலில் ஊசி குத்துவதுபோல வலி எழுகிறது. உற்றுக் கவனித்தால் குத்தல் மறைந்து சூடாகிறது, பிறகு துடிப்பாகிறது. அதற்குள் மனம் வேறெதையும் காண்பதில்லை. வலியோடு நிற்பதா, விட்டுவிடுவதா?

கல்தூண்:
வலி தானாக வந்தது, நீங்கள் தேடிப் போகவில்லை. மூச்சு அப்படியல்ல, நீரோட்டம் தேடிப் போகிறார். நான் சொல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

மாலைவெயில்:
அவர் கேட்டது முழங்காலைப் பற்றி. அதையும் உங்கள் வழக்குக்கு இழுத்துவிட்டீர்கள். துளிர், காலை மாற்றி வையுங்கள், தவறில்லை. மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எழுவதையும், கால் நகர்வதையும், வலி தணிவதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கல்தூண்:
கால் மாற்றுவதும் தேர்வுதான். இங்கே எல்லோரும் சௌகரியத்துக்குத் தியானம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

நீரோட்டம்:
பர்மியப் பௌத்தத் துறவி மகாசி சயாடோ வகுத்த தியான வழியில் வயிறு எழுவதும் தாழ்வதும்தான் அடிப்படை. இடையில் ஒலியோ வலியோ மேலோங்கினால் அதை மனதுக்குள் பெயர் சொல்லிக் குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்புவார்கள். அவர்கள் எல்லோரும் வீணாகவா அமர்ந்தார்கள்?

கல்தூண்:
அதைத் தேர்வற்றது என்று யார் சொன்னது? அது வேறு பயிற்சி. குழப்புவதே உங்கள் வழக்கம். போன மாதமும் இதே வயிற்றைக் கொண்டுவந்தீர்கள்.

நீரோட்டம்:
போன மாதம் என்னை "வயிறு பார்ப்பவர்" என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

கல்தூண்:
"வயிற்றிலேயே நின்றுவிட்டவர்" என்றேன். சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

மாலைவெயில்:
இரண்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் அவமதிப்புதான்.

கல்தூண்:
நிறைய வேறுபாடு இருக்கிறது. ஒன்று ஆளைப் பற்றியது, மற்றது பயிற்சியைப் பற்றியது. மூச்சுக்குத் திரும்புவது தேர்வு என்பதற்கு இன்னும் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

நீரோட்டம்:
மூன்று முறை சொன்னேன். முதலில் என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள், நான்காவது முறையும் சொல்கிறேன்.