டொல்பின் வானில் டிபரன்சல் ஒயில் கசிவு, வீட்டில் சரிசெய்யலாமா?

அண்ணாமார், வான் வேலை தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கோ. நான் மாங்குளம். இரண்டு கிழமையாக என் வானின் பின் டிபரன்சலில் (பின் சில்லுகளைச் சுழற்றும் கியர்ப் பெட்டியில்) ஒயில் கசிகிறது. காலையில் பார்த்தால் முற்றத்து மணலில் உள்ளங்கை அளவு கறுப்புப் பொட்டு. கியர் ஒயில்தான், அந்தக் கந்தக நாற்றம் வேறெதற்கும் வராது.

படங்கு விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். சில்லுப் பக்கம் இரண்டும் காய்ந்திருக்கிறது, பிரேக் சூவிலும் ஒயில் படவில்லை. எஞ்சின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் சாஃப்ட் பூட்டும் இடத்தைச் சுற்றித்தான் ஈரம். அந்த வாயில் ஒயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், பினியன் சீல், போய்விட்டது என்று நினைக்கிறேன். மேலே காற்றுப் போகும் சின்னத் துவாரமான பிரீதரில் மாரிச் சேறு அடைத்து இறுகிக் கிடந்தது. சூட்டில் ஏறிய அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளிவிட்டதோ? அதைத் துப்புரவாக்கியதும் கசிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

கராஜில் முழு டிபரன்சலையும் இறக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது வீண்செலவாகப் படுகிறது. சீலை மாற்ற பினியன் சாஃப்டின் நட்டைக் கழற்ற வேண்டும், உள்ளே நசுங்கும் ஸ்லீவ் (பேரிங் இறுக்கத்தை அளவாக வைக்கும் குழாய்) இருந்தால், நட்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பேரிங் போய்விடும். நட்டிலும் சாஃப்டிலும் அடையாளம் குத்தி, சுற்றை எண்ணி, அதே இடத்துக்குத் திருப்பிப் பூட்டினால் போதுமா? புது நட் கட்டாயமா? அப்படிச் செய்து ஓடிப் பார்த்தவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

80டபிள்யூ-90 கியர் ஒயில் வாங்கி வைத்துவிட்டேன். வவுனியா வரை போகாமல் கிளிநொச்சியில் நல்ல சீல் எடுக்கலாமா? அதுவரை முறிகண்டிப் பிள்ளையாரை நம்பித்தான் ஓட்டம்.