வண்டி முன்னாடி இடிச்சிருச்சு, எந்தக் கடையில விடறது? அவசரம்!

நாலாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. வண்டி முன்பக்கம் அடி. பம்பர் உடைஞ்சு தொங்குது, இடது ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) மடங்கிருச்சு, பானெட் சரியா மூட மாட்டேங்குது. ரெண்டு கடையில எஸ்டிமேட் வாங்கினேன். முதல் ஆள் சொன்னதுல பாதிதான் ரெண்டாவது ஆள் சொல்றார். யாரை நம்புறது? நல்ல டிங்கரிங் கடைன்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? நாளைக்குக் காலையில வண்டியை விட்டாகணும்.

தூறல்:
என்ன வண்டி? எந்த வருஷ மாடல்? இன்சூரன்ஸா, கைக்காசா? ஏர்பேக் விரிஞ்சுதா? போட்டோ எங்கே?

கோடைமேகம்:
எதையும் யோசிக்காதீங்க, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டுட்டு நிம்மதியா இருங்க. வெளிக்கடைன்னாலே டூப்ளிகேட் பார்ட்ஸ்தான்.

ஸ்பேனர்சாமி:
வாராவாரம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றார். தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. சரி, பாதி விலைங்கறீங்களே, ரெண்டு எஸ்டிமேட்டையும் வரிக்கு வரி படிச்சீங்களா? ஒருத்தர் ஃபெண்டரை மாத்தறதா எழுதியிருப்பார், இன்னொருத்தர் தட்டி நிமித்திப் பட்டி (பள்ளத்தை நிரப்பற பேஸ்ட்) பார்க்கிறதா எழுதியிருப்பார். ரெண்டும் வேற வேற வேலை. மொத்தத்தை மட்டும் பார்த்து ஒப்பிடறது எல்.கே.ஜி கணக்கு.

பட்டிப்பலகை:
சாமி சொல்ற தோரணை எப்படியோ, விஷயம் சரிதான். டிங்கரிங் ஷெட்ல வேலை பார்த்தவன்ங்கற முறையில சொல்றேன். பம்பரைக் கழட்டாம எழுதின எஸ்டிமேட் வெறும் குத்துமதிப்புதான். பம்பர்ங்கறது பிளாஸ்டிக் தோல். அதுக்குப் பின்னாடி ஃபோம், அதுக்கும் பின்னாடி இரும்பு பீம், அப்புறம் ரேடியேட்டர் சப்போர்ட், ஏசி கண்டென்சர். அடியை வாங்கினது அதெல்லாம்தான்.

இப்பவே நீங்களே ஒண்ணு பார்க்கலாம். பானெட்டைத் தூக்கி, இடது ஃபெண்டருக்கு உள்பக்கம் இருக்கிற ஏப்ரன் தகட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க. தகடும் தகடும் சேர்ற இடத்துல சீலன்ட் கோடு ஓடும். அது வெடிச்சிருந்தாலோ, பெயிண்ட் செதில் செதிலாப் பேர்ந்திருந்தாலோ, அடி உள்ளே போயிருக்குன்னு அர்த்தம்.

அப்படின்னா, அளக்கிற மெஷினும், பாடியை மாட்டி இழுத்து நிமித்தற பெஞ்சும் இருக்கிற கடைக்குத்தான் போகணும். இப்ப வர்ற கார் பெரும்பாலும் மோனோகாக், தனி சேசிஸ் கிடையாது. சில மில்லிமீட்டர் விலகினாலே பானெட், கதவு இடைவெளியெல்லாம் ஒத்துவராது, வீல் அலைன்மென்ட் நிக்காது. ஹை ஸ்ட்ரென்த் ஸ்டீலை கேஸ் வெச்சுச் சூடேத்தி நிமித்தற கடையா இருந்தா அப்படியே திரும்பிடுங்க. பார்க்க நேராத்தான் இருக்கும், பலம் போயிருக்கும்.

மைக்ரான்மணி:
பெயிண்ட் தடிமனை அளக்கிற மீட்டர் ஒண்ணு வாங்குங்க. கம்பெனி பெயிண்ட் பொதுவா 100 முதல் 150 மைக்ரானுக்குள்ள நிக்கும். வேலை முடிஞ்சதும் ஃபெண்டர்ல வெச்சுப் பாருங்க, பல நூறு காட்டினா பட்டியை அப்பியிருக்காங்க. கடையோட லட்சணம் தெரிஞ்சிரும்.

ஸ்பேனர்சாமி:
கடையைத் தேர்ந்தெடுக்க வழி கேட்டா, வேலை முடிஞ்ச பிறகு அளக்கச் சொல்றீங்க. பிரமாதம். பம்பர் பிளாஸ்டிக், அதுல உங்க மீட்டர் ஒண்ணும் காட்டாது. அலுமினிய பானெட்டா இருந்தா இரும்புக்கு மட்டும் வேலை செய்யற மீட்டரும் வீண்.

மைக்ரான்மணி:
ரெண்டு உலோகத்துக்கும் சேர்த்து அளக்கிற மீட்டர் எப்பவோ வந்தாச்சு சார். கடைக்காரர் ஏற்கெனவே முடிச்சு நிறுத்தியிருக்கிற வண்டியிலயும் அளந்து பார்க்கலாமே? பிளாஸ்டிக்குக்குத் தனியா அல்ட்ராசோனிக்கும் இருக்கு.

ஸ்பேனர்சாமி:
அடுத்தவன் வண்டியில மீட்டர் வெச்சுட்டு நின்னா கடைக்காரர் மாலை போட்டு வரவேற்பார்.

தூறல்:
உங்க ரெண்டு பேர் சண்டையில ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பம்பருக்குப் பின்னாடி, முன்னால போற வண்டியைக் கண்டுபிடிக்கிற ரேடார் இருக்கிற வண்டின்னா, அந்த இடத்துல பட்டியும் பெயிண்டும் தடிமனாப் போகவே கூடாது, சிக்னல் கெட்டுப்போகும். வேலை முடிஞ்சதும் ரேடாரையும் கேமராவையும் கேலிப்ரேட் பண்ணணும், அதாவது சரியாப் பார்க்குதான்னு சோதிச்சு செட் பண்ணணும். அதை யார் பண்ணுவாங்கன்னு கடையில கேளுங்க. திருதிருன்னு முழிச்சா வேற கடை. ஆனா இழையைத் தொடங்கினவர் இன்னும் என்ன வண்டின்னே சொல்லலையே?

நாலாம்கியர்:
சாரி, இப்பத்தான் பார்க்கிறேன். ரேடார் எல்லாம் இல்லாத சாதாரண வண்டி. ஏர்பேக் விரியலை, ஆனா அந்த லைட் அணையாம எரியுது. இன்சூரன்ஸ் இருக்கு. ஓட்டும்போது லேசா இடது பக்கம் இழுக்குது, டயர்ல காத்து குறைவுன்னு நினைச்சேன்.

பட்டிப்பலகை:
தலைவா, இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கணும்! இனி அதை ஓட்டாதீங்க, ரெக்கவரி வண்டியில ஏத்திட்டுப் போங்க. அந்த லைட் எரிஞ்சா ஏர்பேக் சிஸ்டத்துல கோளாறு, தேவைப்படும்போது விரியாமப் போகலாம். கிராஷ் சென்சர் பல வண்டியில முன்பக்கத்துலதான் இருக்கும். ஸ்கேன் பண்ணணும். இழுக்கறதுக்கு வெறும் அலைன்மென்ட் போட்டு அனுப்பினா ஒத்துக்காதீங்க. சக்கரத்தைப் பிடிச்சுத் தாங்கற லோயர் ஆர்ம், நக்கிள், சப் ஃபிரேம் மூணையும் பார்க்கச் சொல்லுங்க. வேலைக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு ரீடிங் சீட்டும் கையில வாங்குங்க.

தூறல்:
பிரிக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிடுங்க. அவங்க பட்டியல்ல இல்லாத கடைக்குப் போக முடியுமான்னு பாலிசியில பாருங்க. பிரிச்ச பிறகு புதுசா அடி தெரிஞ்சா, கூடுதல் எஸ்டிமேட்டுக்கு அனுமதி வாங்காம வேலையைத் தொடங்க விடாதீங்க. பார்ட்ஸ் ஒரிஜினலா, வெளிக்கம்பெனியா, பழசா, எழுத்துல வேணும். பெயிண்ட் வாரன்டியும்தான்.

கோடைமேகம்:
இதெல்லாம் தலைவலி. அதுக்குத்தான் சர்வீஸ் சென்டர்னு அப்பவே சொன்னேன்.

பட்டிப்பலகை:
பாடி வேலையை வெளிக்கடைக்கு அனுப்பிட்டுத் திரும்ப வாங்கற சர்வீஸ் சென்டரும் உண்டு. இங்கேயே பண்றீங்களா, பெயிண்ட் அடிக்கிற பூத் எங்கே இருக்கு, காட்டுங்கன்னு கேளுங்க. அப்புறம் பெயிண்ட், ஃபெண்டர் மட்டும் அடிச்சா மெட்டாலிக் கலர்ல பக்கத்து டோரோட வித்தியாசம் அடிக்கும். டோர் வரைக்கும் கலரை மெல்ல மங்கவிட்டு பிளெண்ட் பண்ணுவேன்னு அவராச் சொன்னா வேலை தெரிஞ்ச ஆள்.

மைக்ரான்மணி:
பெயிண்ட் கோடு நம்பர் வெச்சு மிக்ஸ் பண்ணா எதுக்கு பிளெண்ட்?

பட்டிப்பலகை:
ஒரே கோடு நம்பர்லயே பல ஷேடு வேரியன்ட் உண்டு. வெயில்ல நின்ன வண்டி வேற வெளுத்திருக்கும். பெயிண்டர் டெஸ்ட் கார்டு அடிச்சு வெளிச்சத்துல வெச்சுப் பார்க்கிறது எதுக்குங்கறீங்க?

நாலாம்கியர்:
அப்டேட்: ரெண்டாவது ஆள் கழட்டிக் காட்ட முடியாதுன்னுட்டார். முதல் கடைலயே விட்டாச்சு. பீம் வளைஞ்சிருக்கு, லோயர் ஆர்ம் போச்சு. பெஞ்ச்ல ஏத்தி அளக்கறாங்க. எல்லாருக்கும் நன்றி, மத்ததை அப்புறம் சொல்றேன்.

அரைக்கிளட்ச்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா பின்பக்கம் அடி. டிக்கி மூடுது, ஆனா மழை பெஞ்சா தண்ணி உள்ளே வருது. என்ன பண்ணலாம்?

ஸ்பேனர்சாமி:
புது இழை தொடங்குங்க. என்ன வண்டின்னு முதல் வரியில எழுதுங்க.